முன்பாரமும் பின்பாரமும்: டிரெய்லரில் சுமை ஏற்றும் முறை

வண்டி கட்டிப் பழகிய அங்கத்தினர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்களை நாம் விளக்க வேண்டுவதில்லை. சுமை முன்னால் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். மாடு தலையைத் தாழ்த்தித் திணறும். சுமை பின்னால் மிகுந்தாலோ நுகத்தடி மேலெழும்பும். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாடு நாலடி வைப்பதற்குள் நின்றுவிடும். வண்டிக்காரர் உடனே இறங்கி இரண்டு மூட்டைகளை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளி வைப்பார். எந்தக் கணக்கும் அவருக்குத் தேவைப்பட்டதில்லை. பாரம் எங்கே இருக்கிறது என்பதை மாடே அவருக்குத் தெரிவித்துவிடும்.

டிராக்டருக்குத் தொண்டை இல்லை. பின்பாரமாக ஏற்றிய டிரெய்லரையும் அது முணுமுணுக்காமல் இழுத்துக்கொண்டு போகிறது. சமதரையில் யாதொரு வித்தியாசமும் தெரிவதில்லை. ஏரிக்கரை இறக்கத்திலோ, பாலத்து மேட்டிலோ, வளைவிலோதான் அது தெரியவருகிறது. அப்பொழுது இறங்கி மூட்டையை நகர்த்த அவகாசம் இராது. இக்காலத்தில் உரம், விதை, நெல், கரும்பு, பருத்திப் பொதி, நூல் சிப்பம் என்று எல்லாமே டிரெய்லரில் போகின்றபடியால், மாட்டு வண்டியோடு நாம் இழந்துவிட்ட அந்த அறிவைக் கணக்கின் மூலமாகவேனும் மீட்டுக்கொள்வது அவசியமாகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்தின் கிடங்கு வாசலில் நாம் நேரில் கண்ட ஒரு சம்பவத்தை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றிலிருந்து உரமூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம் இருந்தவை முதலில் இறங்கிவிட்டன. பின்பாதி மூட்டைகள் அப்படியே இருந்தன. வேறொரு வேலைக்கு டிராக்டர் தேவைப்பட்டதால், தொழிலாளி ஒருவர் குனிந்து இணைப்பு ஆணியை உருவினார். ஆணி கழன்ற மறு நொடியில் டிரெய்லரின் இழுவைத் தண்டு ஏற்றமரம் போல மேலே கிளம்பி அவர் தாடையில் அடித்தது. உயிர் பிழைத்தார், ஆனால் பல மாதங்கள் கஞ்சியும் மோருமே அவருக்கு ஆகாரமாயின. அன்று ஏற்றியிருந்த எடை அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேற்பட்டதன்று. ஓட்டுநரும் அனுபவசாலியே. எடை எவ்வளவு என்று எல்லோரும் கேட்டிருந்தார்கள். எடை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதன் கணக்கு மிகவும் எளியது. தராசுக் கோலை அறிந்தவர்கள் எல்லோருக்கும் இது விளங்கும். இரண்டு சக்கர டிரெய்லரில் அச்சுதான் தராசின் முள். அச்சுக்கு முன்னே உள்ள பாரம் இழுவைத் தண்டைக் கீழே அழுத்தும்; பின்னே உள்ள பாரம் அதை மேலே தூக்கும். எந்தப் பாரமும் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கேற்பவே அதன் பலம் அமையும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். டிரெய்லரின் தளம் 360 செ.மீ. நீளம். அச்சு, தளத்தின் நடுவிலிருந்து 30 செ.மீ. பின்தள்ளி இருக்கிறது. இப்படிப் பின்தள்ளி வைப்பது தச்சன் செய்த பிழையன்று. முன்பாரம் சிறிதளவு இருக்கவேண்டும் என்பதற்காகவே அவ்வாறு அமைக்கிறார்கள். அச்சிலிருந்து டிராக்டர் கொக்கி வரை 330 செ.மீ. இதில் 50 கிலோ எடையுள்ள டி.ஏ.பி. மூட்டைகள் 60 ஏற்றுகிறோம். மொத்தம் 3,000 கிலோ. தளம் முழுவதும் ஒரே சீராக அடுக்கினால் பாரத்தின் மையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் விழும். 3,000ஐ 30ஆல் பெருக்கி 330ஆல் வகுத்தால் 273 கிலோ வருகிறது. கொக்கியின்மேல் அழுத்தும் பாரம் இதுவே. ஏற்றிய எடையில் ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்கு. டிரெய்லரின் சொந்த எடையைக் கணக்கு எளிதாகும்பொருட்டு இங்கே விட்டுவிட்டோம். இது நல்ல சுமையே.

இந்த 60 மூட்டைகளும் மூன்று ஊர்களில் 20, 20ஆக இறக்க வேண்டியவை என்று வைத்துக்கொள்வோம். முன், நடு, பின் என்று மூன்று அடுக்காக அவை இருக்கின்றன. முன் அடுக்கின் மையம் அச்சுக்கு 150 செ.மீ. முன்னே, நடு அடுக்கு 30 செ.மீ. முன்னே, பின் அடுக்கு 90 செ.மீ. பின்னே. ஆகவே முன் அடுக்கு கொக்கியை 455 கிலோ அழுத்துகிறது. நடு அடுக்கு 91 கிலோ அழுத்துகிறது. பின் அடுக்கு 273 கிலோ தூக்குகிறது.

முதல் ஊரில் முன் அடுக்கை இறக்கினால் மிச்சம் என்ன? அழுத்துவது 91; தூக்குவது 273. கொக்கி 182 கிலோ பலத்தோடு மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. புறப்பட்டபொழுது நன்றாயிருந்த சுமை, மூன்றில் ஒரு பங்கு குறைந்த பிறகு அபாயமாகிவிட்டது! எடை குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று நாம் எண்ணுவது எவ்வளவு பிழை என்பதை இது காட்டும். கிடங்கு வாசலில் அந்தத் தொழிலாளி உருவியதும் இத்தகைய ஓர் ஆணியைத்தான்.

அதற்குப் பதிலாகப் பின் அடுக்கை முதலில் இறக்கினால் கொக்கியின்மேல் 546 கிலோ வரும். இதுவும் மிகுதியே, ஆனால் வேறு வகையான மிகுதி. நடு அடுக்கை இறக்கினாலோ 182 கிலோ முன்பாரமாக நிற்கும், அது உத்தமம். ஆயினும் நடுவிலிருந்து மூட்டை இறக்குவது சிரமம் என்று தொழிலாளர்கள் சொல்வார்கள். அது நியாயமான பேச்சே. ஆகையால் பின்கதவு வழியாகவே இறக்கட்டும். இறக்கியபின் முன் அடுக்கிலிருந்து ஐந்தாறு மூட்டைகளைப் பின்னே மாற்றி வைத்துவிட்டுப் புறப்படட்டும். பத்து நிமிஷ வேலைதான். கடைசி ஊருக்கு மிஞ்சும் 20 மூட்டைகளையும் கதவோரத்தில் விட்டுவைக்காமல் தளத்தின் நடுவே ஒன்றாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாதி லோடு ஏற்றும்பொழுதும் இதே தவறு நடக்கிறது. ஏற்றும் வாசல் பின்னால் இருப்பதால், தூக்கிச் செல்லும் தூரம் குறைவு என்று மூட்டைகளைக் கதவை ஒட்டியே போட்டுவிடுகிறார்கள். முழு லோடு தானாகவே சீராக அமைந்துவிடும். பாதி லோடுதான் கண்காணிப்பு வேண்டுவது.

பின்பாரத்தினால் டிராக்டருக்கு என்ன நேரிடுகிறது? 2,000 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரில் முன்சக்கரங்கள் 750 கிலோவும் பின்சக்கரங்கள் 1,250 கிலோவும் தாங்குவதாகக் கொள்வோம். முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 190 செ.மீ.; கொக்கி பின்அச்சுக்கு 60 செ.மீ. பின்னே இருக்கிறது. மேற்சொன்ன 182 கிலோ கொக்கியைத் தூக்கும்பொழுது, பின்சக்கரங்களின்மேல் உள்ள பாரம் 1,250லிருந்து சுமார் 1,010 கிலோவாகக் குறைந்துவிடும். நம் பக்கத்து டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. மண்ணைப் பற்றுவதும் அவையே, நிறுத்துவதும் அவையே. அவற்றின் பிடி தளர்ந்த நிலையில், பிரேக் இல்லாத டிரெய்லர் ஒன்று 2,000 கிலோ சுமையோடு இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளுகிறது. டிராக்டரின் பின்புறம் பக்கவாட்டில் ஒதுங்கி, இரண்டும் அரிவாள்போல் மடங்கிக்கொள்கின்றன. ஓட்டுநர் இடையில் அகப்படுகிறார்.

முன்பாரம் மிகுந்தால் நேர்வது வேறு. கொக்கியின்மேல் 546 கிலோ ஏறினால் முன்சக்கரங்களின் பாரம் 750லிருந்து 580 கிலோ அளவுக்கு இறங்கும். சமதரையில் இது பொறுக்கத்தக்கது. மேடு ஏறும்பொழுது இழுவையின் பலத்தால் முன்புறம் மேலும் இலேசாகும். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களின்மேல் இருந்தால்தான் ஸ்டீயரிங் சொன்னபடி கேட்கும். அதாவது நம் உதாரணத்தில் 400 கிலோ. முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போவதைச் சிலர் வேடிக்கையாகக் கருதுகிறார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர் முன்காலைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிறுவர்கள் கைகொட்டுவதும் உண்டு. வேடிக்கை எவ்வளவு நேரம் என்பதை அடுத்த வளைவுதான் சொல்லும்.

ஆகவே கொக்கிப் பாரம் வேண்டும். ஆனால் அளவோடு வேண்டும். எவ்வளவு என்னும் உச்ச வரம்பு ஒவ்வொரு டிராக்டரின் கையேட்டிலும் குறிக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்வதே முறை. மேல்நாடுகளில் காருக்குப் பின்னே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டியோடு கூடிய சக்கர வீட்டைப் பூட்டிக்கொண்டு உல்லாசப் பிரயாணம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். அமெரிக்காவில் வண்டி எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியில் இருக்கவேண்டும் என்பது வழக்கு. இங்கிலாந்தில் 5 முதல் 7 சதவீதம் போதும் என்கிறார்கள். அளவில் பேதம் இருப்பினும் முன்பாரமே வேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள். சமையற்காரர் பின்னறையில் அரிசியையும் பாத்திரங்களையும் நிறைத்துவிட்டால், வேகம் கூடும்பொழுது அந்த வீடு பாம்புபோல் நெளியத் தொடங்குகிறது. நெளிவு பெருகிக் காரையும் சேர்த்துப் புரட்டிவிடுகிறது.

ஜீப்பிலோ சிறு சரக்கு வண்டியிலோ டிரெய்லர் பூட்டி வேகமாகச் செல்லும் நம் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பாரத்தை இரு கோடிகளிலும் வைத்து நடுவைக் காலியாக விட்டாலும் தராசுக் கணக்குச் சரியாகவே வரும். ஆனால் அசைவு அடங்காது. இரு முனையிலும் குடம் கட்டிய காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு திடீரென்று திரும்பிப் பாருங்கள். நாம் நின்ற பிறகும் காவடி சுழன்றுகொண்டே போகும். அதே எடையைத் தோளுக்கருகில் சேர்த்துக் கட்டினால் உடனே நிற்கும். ஆகையால் கனத்த சாமான்கள் அச்சுக்கு அருகிலும், இலேசானவை கோடிகளிலும் இருக்கவேண்டும். நெளிவு தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிச் சரிப்படுத்த முயல்வது கேட்டையே பெருக்கும். சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானே தணிய விடவேண்டும். சடக்கென்று பிரேக் பிடிக்கலாகாது.

உயரத்தைப் பற்றிப் பருத்தி விளைவிப்போர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். அழுத்திக் கட்டிய பஞ்சுப் பேல் ஒன்று 170 கிலோ. அது அடக்கமான சரக்கு. கொட்டைப் பருத்தியோ அப்படியன்று. எடை கொஞ்சமாகவும் உருவம் மலையாகவும் இருக்கும். எடை குறைவுதானே என்று மேன்மேலும் ஏற்றிவிடுகிறோம். சக்கரங்களுக்கு இடையே 150 செ.மீ. அகலம், பாரத்தின் மையம் தரையிலிருந்து 150 செ.மீ. உயரம் என்று கொள்வோம். இந்த டிரெய்லர் 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் திரும்பினால், அதைப் பக்கவாட்டில் தள்ளும் பலம் அதன் எடையில் பத்தில் மூன்று பங்குதான், கவிழாது. அதே வளைவில் 30 கி.மீ. வேகத்தில் திரும்பினால் அந்தப் பலம் பத்தில் ஏழு பங்காகிறது. இந்த டிரெய்லர் கவிழ்வதற்குப் பத்தில் ஐந்து பங்கே போதும். வேகத்தில் பத்துதான் கூடியது. தள்ளும் பலம் இருமடங்குக்கு மேல் போய்விட்டது. சாலை ஒருபுறம் சரிந்திருந்தாலோ, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ 20 கி.மீ. வேகமே மிகையாகும். இடம் வலம் பாரம் ஒத்திருக்கிறதா என்பதை டயர்களின் நசுக்கத்தைக் கண்ணால் பார்த்தே அறியலாம்.

உயரமான சுமைக்கு மற்றொரு குணமும் உண்டு. மேடு ஏறும்பொழுது அதன் மையம் பின்னுக்குச் சாயும். பாரத்தின் மையம் அச்சுக்கு மேலே 80 செ.மீ. உயரத்தில் இருந்தால், பத்தடிக்கு ஓரடி ஏறும் மேட்டில் 8 செ.மீ. அளவு பின்தள்ளும். நம்முடைய 3,000 கிலோ சுமையில் கொக்கிப் பாரம் ஏறக்குறைய 70 கிலோ குறைந்துவிடும். இறக்கத்தில் அதே அளவு கூடும். பழைய வண்டிக்காரர்கள் மேட்டில் ஏர்க்கால்மேல் முன்தள்ளி உட்கார்ந்ததும், இறக்கத்தில் பின்னே போய் நின்றதும் இதற்காகத்தான். தண்ணீர் டாங்கியில் இந்தத் தொல்லை பன்மடங்கு. முழுமையாக நிரப்பிய டாங்கியும் காலி டாங்கியும் அமைதியாகச் செல்லும். அரை டாங்கித் தண்ணீரோ மேட்டில் பின்னுக்கும் பிரேக் பிடித்தால் முன்னுக்கும் ஓடும். உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டாங்கியை வாங்காதிருப்பதே நன்று.

நான்கு சக்கர டிரெய்லரில் முன்அச்சும் பின்அச்சும் பாரத்தைத் தாமே தாங்கிக்கொள்வதால் கொக்கியின்மேல் அதிகம் விழுவதில்லை. அதில் முன்பாரம் பின்பாரம் பற்றிய கவலை குறைவு. உயரமும் பிரேக்கும் பற்றிய கவலை அப்படியே உண்டு.

நெசவாளர் அங்கத்தினர்கள் இவையெல்லாம் விவசாயிகளுக்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. நூல் சிப்பங்களை வீடு வீடாகச் சேர்க்கும் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியும் இதே தராசுதான். வாசலுக்கு ஒரு சிப்பமாக முன்னாலிருந்தே எடுத்துக்கொண்டு போனால், நான்காம் வீட்டில் வண்டி பின்புறம் குடைசாய்ந்து சிப்பம் சாக்கடையில் விழும். சாயம் தோய்த்த நூலாயிருந்தால் நஷ்டம் யாருடையது என்று நிர்வாகக் குழு கூடித்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

ஓட்டுநர்களுக்குச் சில வார்த்தை. டிராக்டரின் இடது பிரேக்கும் வலது பிரேக்கும் வயலில் தனித்தனியே இயங்குவதற்காக ஏற்பட்டவை. சாலைக்கு வருமுன் இரண்டையும் தாழிட்டு ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். இல்லையேல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்து, வண்டி ஒரு பக்கம் திரும்பிவிடும். இறக்கத்துக்கு முன்பே சிறிய கியருக்கு வந்துவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருளவிடுவதைப்போல் நஷ்டமான சிக்கனம் வேறில்லை. கொக்கி மாட்டுவது, தொழிற்சாலையில் வைத்துக் கொடுத்த தாழ்ந்த இடத்தில்தான். டாப் லிங்க் மாட்டும் உயரத்தில் சங்கிலி கட்டி இழுத்தால் டிராக்டர் பின்புறமாகக் கரணம் போட்டு ஓட்டுநரின்மேல் விழும். இது நடப்பது கண்மூடித் திறக்கும் நேரத்தில். இணைப்பு ஆணிக்குக் கீழே பூட்டூசியும், கூடவே ஒரு காப்புச் சங்கிலியும் இருக்கவேண்டும். சுமையின் மேலோ, காலி டிரெய்லரிலோ ஆட்களை ஏற்றலாகாது. வேலை முடிந்து களைத்து வரும் பெண்களை நடக்கவிடுவதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி இரக்கத்தில் பிறந்ததே. எனினும் கவிழ்ந்த டிரெய்லரின் அடியிலிருந்து எடுக்கப்பட்டவர்களில் அத்தகையவர்களே மிகுதி என்பதை நாம் மறந்துவிட முடியவில்லை.

மொத்த எடையைப் பற்றிச் சட்டம் கூறுவதையும் தெரிந்துகொள்வது நலம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மிகை பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதமும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாயும் உண்டு. எடை எங்கே வைக்கப்பட்டது என்பதற்கு எந்த எடைமேடையும் ரசீது கொடுப்பதில்லை; அதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பார்ப்பதற்கு வழி உண்டு. எடைமேடையில் முதலில் டிராக்டரை மட்டும் தனியே நிறுத்துக்கொள்ளலாம். பிறகு சுமையேற்றிய டிரெய்லரைப் பூட்டி, டிராக்டரின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடைமேல் இருக்க, டிரெய்லர் சக்கரங்கள் வெளியே சமதரையில் இருக்குமாறு நிறுத்த வேண்டும். முன்னது 2,000, பின்னது 2,270 என்றால் கொக்கிப் பாரம் 270 கிலோ. பின்னது 2,000க்குக் குறைந்தால் அப்படியே ஓரமாக நிறுத்தி மூட்டைகளை மாற்றிய பிறகே புறப்பட வேண்டும். எடைமேடை தூரமானால் சங்கத்துக் கிடங்கிலுள்ள தராசே போதும். டிராக்டரைக் கழற்றுவதற்கு முன் டிரெய்லரின் பின்புறத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து, சக்கரங்களுக்கு அண்டைக் கல் வைத்து, கொக்கி உயரத்துக்கு வருமாறு தராசின்மேல் கட்டை அடுக்கி, இழுவைத் தண்டை அதன்மேல் மெதுவாக இறக்கிப் பார்க்கலாம். பின்முட்டு தளத்தைத் தொடாமல் விரற்கடை தாழ்ந்திருக்க வேண்டும். தொட்டால் கணக்குப் பிசகும். பாரம் தராசின் அளவை மிஞ்சுமானால் ஓர் உறுதியான பலகையின் ஒரு முனையைக் கல்லின்மேலும் மறு முனையைத் தராசின்மேலும் வைத்து, கல்லிலிருந்து பலகை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தண்டை ஊன்றவேண்டும். பலகையின் எடையால் தராசு காட்டுவதைக் கழித்து, மிஞ்சியதை மூன்றால் பெருக்கினால் கொக்கிப் பாரம் கிடைக்கும்.

ஒவ்வொரு முறையும் நிறுத்துப் பார்ப்பது இயலாது. டிரெய்லரின் இரு பக்கப் பலகைகளிலும் அச்சுக்கு நேர்மேலே ஒரு கைப்பிடி அகலத்துக்கு வெள்ளைக்கோடு இழுத்து வைத்தால், மூட்டை ஏற்றுகிறவர் எவரும் கோட்டுக்கு முன்னே சற்று அதிகம், பின்னே சற்றுக் குறைவு என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ள முடியும். கால் லிட்டர் பெயிண்ட் போதும். உரம் பட்டும் வெயில் பட்டும் ஓராண்டில் மங்கிவிடும். பொதுக்குழு கூடும் மாதத்தில் மறுபடியும் பூசிவிடலாம்.